மழலையின் நீச்சல் பை

நீராடலை வெறும் தூய்மைக்குரிய செயலாக மட்டும் கருதாமல், வளர்ச்சியின் ஒரு படியாகவும் கருதியவர்கள் நம் முன்னோர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் நீராடற் பருவம் என்று ஒரு பருவத்தையே புலவர்கள் வகுத்து வைத்தனர். ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் வளர்ந்த தலைமுறைக்கு நீச்சல் பயிலப் பள்ளியும் தேவைப்படவில்லை, பையும் தேவைப்படவில்லை. சிறுவனின் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்குவார்கள். மறுமுனை தந்தையின் கையிலோ மாமனின் கையிலோ இருக்கும். உலர்ந்த சுரைக்குடுக்கையோ வாழைமரத் துண்டோ மிதவையாகும். தோளில் கிடந்த துண்டு துவட்டுவதற்கும் உதவும், வீடு வரும்வரை உடுத்துவதற்கும் உதவும்.

மும்பை போன்ற பெருநகரங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களின் நிலை வேறு. இங்கே குளம் என்பது ஓடு பதித்த, குளோரின் கலந்த நீர் நிரம்பிய, நேரக் கணக்கும் கட்டணமும் சட்டதிட்டமும் உடைய ஓர் இடம். ஒன்றரை வயதும் இரண்டு வயதும் ஆன குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மவரிடையேயும் பரவி வருகிறது. அரை மணி நேரப் பாடத்திற்கு அரை நாள் ஆயத்தமா என்று சலித்துக்கொள்ளும் தாய்மார்கள் பலர். அந்தச் சலிப்பு நியாயமானதே. ஆயினும், பையில் எதை வைப்பது, எதை விடுப்பது, ஏன் என்பவற்றை ஒருமுறை தெளிவாக அறிந்துகொண்டால் பாதிச் சுமை குறைந்துவிடும். மீதிச் சுமை எது என்பதையும் இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

எந்த வயதில் தொடங்கலாம்?

இதில் மருத்துவர்களின் கருத்தே மாறி வந்திருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ஒரு காலத்தில் 4 வயதுக்கு முன் முறையான நீச்சற் பயிற்சி வேண்டுவதில்லை என்று சொல்லி வந்தது. 2010ஆம் ஆண்டில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 2019இல் வெளியிட்ட அறிக்கையில், 1 வயது நிறைந்த குழந்தைகள் பலருக்கு நீச்சற் பயிற்சி நன்மை தரக்கூடும் என்றும், நீரில் மூழ்கும் ஆபத்தைக் குறைக்க அது ஓரளவு உதவும் என்றும் கூறியது. ஒரு வயதுக்கு உட்பட்ட சிசுக்களுக்கு அத்தகைய பயன் உண்டு என்பதற்குச் சான்றில்லை என்பதையும் அது மறைக்கவில்லை. ஆதலால் அண்டை வீட்டாரைப் பார்த்து அவசரப்பட வேண்டியதில்லை. குழந்தையின் உடல்நிலையையும் மனநிலையையும் பார்த்து, தம் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவதே முறை. வலிப்பு, இதயக் கோளாறு, காதுச் சவ்வில் துளை முதலியவை உள்ள குழந்தைகளுக்கு மருத்துவரின் சொல்லே முதற்சொல்லாக இருக்கவேண்டும்.

தாதர் சிவாஜி பூங்காவை அடுத்துள்ள மகாத்மா காந்தி நீச்சல் குளத்தை மும்பைத் தமிழர் அறியாதிருக்க மாட்டார்கள். அத்தகைய பெருங்குளங்கள் பெரியவர்களின் நீச்சலுக்கென அமைந்தவை. மழலைகளுக்குத் தாயோ தந்தையோ உடன் இறங்கும் வகுப்பும், இடுப்பளவுக்கு மேற்படாத ஆழமும், குளிர் தாக்காத நீரும் வேண்டும். சிறு குழந்தைகளைப் பயிற்றும் குளங்களில் நீரை 30 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருப்பது நல்லது. சேருமுன் வயது வரம்பு, ஆழம், நீரின் வெப்பம், உடை விதி ஆகிய நான்கையும் கேட்டறிந்துகொண்டால், பையில் வைக்கவேண்டியவற்றுள் பாதி தாமே தெளிவாகிவிடும்.

பை எத்தகையது?

ஒரு கையில் பை, மறு கையில் குடை, இடுப்பில் குழந்தை என்று ரயிலேறும் நகரம் இது. ஆதலால் இரு தோள்களிலும் மாட்டிக்கொள்ளும் பையே ஏற்றது. இரண்டு கைகளும் குழந்தைக்கு வேண்டும். குளக்கரை வழுக்கும் இடம். அங்கே குழந்தையின் கையை விட்டுவிட்டுப் பையின் பிடியைத் தேடும் நிலை வரலாகாது.

பையை அடுக்குவதிலும் ஒரு முறை உண்டு. கடைசியில் வேண்டுவதை முதலில் வைக்க வேண்டும். முதலில் வேண்டுவதைக் கடைசியில் வைக்க வேண்டும். அதாவது, அடியில் வீடு திரும்பும்போது உடுத்தும் உடை, அதன்மேல் சோப்பும் எண்ணெயும், அதன்மேல் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே நீச்சலுடை. நடுங்கி நிற்கும் குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் பையைத் துழாவும் தாய்க்கு இந்த ஒழுங்கின் அருமை விளங்கும். ஈரத் துணிகளுக்கென நீர் கசியாத உறை ஒன்று தனியே இருக்கட்டும். வீடு வந்தவுடன் அந்த உறையைக் காலி செய்வதும் பயிற்சியின் ஒரு பகுதியே. மும்பை மழைக்காலத்தில் ஈரத்துணியை ஓர் இரவு பைக்குள் மறந்துவிட்டால், மறுநாள் பை முழுவதும் நாற்றம் பிடித்துவிடும்.

நீருக்குள் அணிவன

முதலாவது, நீச்சல் டயாப்பர். சாதாரண டயாப்பர் குளத்தில் இறங்கியவுடன் நீரை உறிஞ்சிப் பொம்மென்று உப்பிக் குழந்தையைக் கீழே இழுக்கும். நீச்சலுக்குரியது உப்பாது, இடுப்பிலும் தொடையிலும் இறுகப் பொருந்தி, மலம் வெளிப்படுவதை ஓரளவு தடுக்கும். துவைத்துப் பயன்படுத்தும் துணி வகையும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையும் உண்டு. ஆனால் இரண்டுமே சிறுநீரைத் தாங்கா. ஆகவே அதை வீட்டிலேயே அணிவித்துப் புறப்பட்டால் ஆட்டோவின் இருக்கை நனைந்துவிடும். வழிப்பயணத்திற்குச் சாதாரண டயாப்பர், குளத்தில் இறங்குவதற்குச் சற்று முன்பு நீச்சல் டயாப்பர் என்று கொள்க. மாற்றுக்கு ஒன்று பையில் இருப்பது அவசியம்.

நோய்க்கிருமிகளை இந்த டயாப்பர் தடுத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி, முறையாகக் குளோரின் இட்ட நீரிலும் 7 நாட்களுக்கு மேல் உயிரோடு இருக்கவல்லது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று பையை எடுக்கவே வேண்டாம். கட்டணம் போகிறதே என்று அழைத்துச் சென்றால், குளத்திலுள்ள மற்றக் குழந்தைகளுக்கு நோயைப் பங்கிட்டுக் கொடுத்தவர்களாவோம்.

இரண்டாவது, நீச்சலுடை. பருத்தித் துணி நீரை உறிஞ்சிக் கனக்கும். பல குளங்களில் அதை அனுமதிப்பதும் இல்லை. உடலோடு ஒட்டிய நைலான் வகை உடையே வேண்டும். கடையில் வாங்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியான வெளிர் நீலமும் வெண்மையும் குளத்தின் நிறத்தோடு கலந்து நீருக்கடியில் மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு, அடர்ந்த இளஞ்சிவப்பு ஆகியவை ஆழத்திலும் கண்ணில் படும். அழகு கருதி வாங்கும் பொருளில் உயிர் காக்கும் குணமும் இருக்கிறதென்றால், அதையே தேர்ந்தெடுப்பதில் நட்டமில்லை.

மூன்றாவது, உடன் இறங்கும் பெரியவரின் உடை. நம் வீடுகளில் இதைத்தான் பெரும்பாலும் மறக்கிறோம். புடவையோடும் பருத்திச் சுரிதாரோடும் குளத்தில் இறங்க விடமாட்டார்கள் என்பதை வாயிலில் அறிந்து, திரும்பி வந்த தாய்மார்கள் உண்டு. கையும் காலும் மறையும் முழுநீள நீச்சலுடைகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. அதற்கும் மனம் ஒப்பாவிட்டால் தந்தை இறங்கட்டும். மழலையை நீராட்டுவது தாய்க்கு மட்டும் விதித்த கடமையன்று.

திறந்தவெளிக் குளமாயின் எஸ்.பி.எஃப். 30 அளவுள்ள சன்ஸ்க்ரீனைப் புறப்படுமுன் பூசுவது நலம். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் அதற்கு ஈடாகா. எண்ணெய் தேய்த்த குழந்தையைக் குளத்திற்கு அழைத்துச் செல்வதும் தகாது; நீர்மேல் எண்ணெய் படர்வது ஒருபுறமிருக்க, ஈரத்தோடு எண்ணெயும் சேர்ந்தால் குழந்தை பிடியிலிருந்து நழுவும். இறங்குமுன் உடலையும் தலையையும் வெறும் நீரால் நனைத்துவிடுங்கள். குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடியைப் பலர் சுத்தத்தின் அடையாளமாக எண்ணுகின்றனர். உண்மையில் குளிக்காமல் இறங்குவோரின் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்வதால் எழும் நெடி அது.

கரையேறிய பின்

சிறு குழந்தையின் உடல், எடைக்கு மிஞ்சிய மேற்பரப்பை உடையது. ஆதலால் பெரியவர்களைவிட விரைவில் வெப்பத்தை இழக்கும். உதடு நீலம் பூத்தாலோ, உடல் நடுங்கினாலோ, பாடம் முடியவில்லையே என்று காத்திராமல் உடனே வெளியே எடுங்கள். துண்டு இரண்டு வேண்டும்: ஒன்று நீரிலிருந்து எடுத்தவுடன் போர்த்த, மற்றொன்று உடைமாற்றும் அறையில் துவட்ட. தடித்த துவாலைகளைவிட, ஊரிலிருந்து வந்த பழைய ஈரிழைத் துண்டு இதற்கு மிகவும் பொருத்தமானது. சுமையும் இல்லை, மழைக்காலத்திலும் சீக்கிரம் உலரும். காதின் வெளிப்புறத்தைத் துண்டின் நுனியால் ஒற்றினால் போதும். பஞ்சு சுற்றிய குச்சியைக் காதுக்குள் விடுவது தீங்கு. நல்ல நீரில் சோப்பிட்டுக் குளிப்பாட்டியபின் சிறிது தேங்காயெண்ணெய் தடவலாம். எண்ணெய்க்குரிய இடம் குளத்திற்கு முன்பு அல்ல, பின்பு.

நீந்திய குழந்தைக்கு உடனே பசிக்கும். புறப்படுமுன் வயிறு நிறைய ஊட்டினால் நீரில் குலுங்கி வாந்தி எடுக்கும். வெறும் வயிற்றோடு சென்றால் சிணுங்கும். ஒரு மணி நேரத்திற்கு முன் மிதமாகக் கொடுத்து, திரும்பும்போது தர ஒரு வாழைப்பழமோ, நெய் தடவிய இரண்டு சிறு இட்டிலியோ, குடுவையில் வெதுவெதுப்பான சத்துமாவுக் கஞ்சியோ எடுத்துச் செல்லுங்கள். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை ஆகியவை இவ்வயதில் தொண்டையில் அடைக்கக்கூடியவை. அவை பைக்கு ஆகா. கண்ணாடிப் பாத்திரமும் ஆகாது. வெறுங்காலோடு நடக்கும் இடத்தில் ஒரு சில்லு போதும் காயப்படுத்த.

வீட்டிலேயே விட்டுச் செல்வன

கழுத்துச் சங்கிலி, தாயத்துக் கயிறு, கொலுசு, வளையல் ஆகியவற்றைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கழுத்தில் கிடப்பது எதிலேனும் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வெள்ளி, குளோரின் நீரில் கறுக்கும். கண்மையும் வேண்டாம்.

கைகளில் மாட்டும் காற்றடைத்த வளையங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவை விளையாட்டுப் பொருள்களே தவிரப் பாதுகாப்புக் கருவிகள் அல்ல. காற்று இறங்கலாம், நனைந்த கையிலிருந்து நழுவலாம். அதைவிடப் பெரிய தீங்கு, அவற்றை அணிந்த குழந்தை தன்னால் நீரில் நிற்க முடியும் என்று நம்பிவிடுவதும், அதைப் பார்க்கும் பெற்றோரும் அவ்வாறே நம்பிவிடுவதும் ஆகும்.

சொற்களும் உடன் வரட்டும்

புலம்பெயர்ந்து வாழும் நம் குழந்தைகளுக்கு மட்டுமே உரிய ஒரு தேவை உண்டு. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தை குளத்தில் இறங்கியதும், பயிற்சியாளர் இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ உரத்துப் பேசுகிறார். நீரும் புதிது, முகமும் புதிது, மொழியும் புதிது. குழந்தை அழுதால் அதைப் பிடிவாதம் என்று சொல்வது அநீதி.

இதற்கு வழி எளிது. பயிற்சியாளர் வழக்கமாகச் சொல்லும் நான்கைந்து சொற்களைக் கேட்டறிந்து, வீட்டில் குளிக்கும்போதே தமிழோடு சேர்த்துப் பழக்குங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிச் சொம்பு நீரைத் தலையில் ஊற்றினால், மூன்றாம் எண்ணுக்கு மூச்சை அடக்கக் குழந்தை தானே கற்றுக்கொள்ளும். குளத்திலும் அதே எண்ணிக்கை, அதே குரல். அதுபோலவே குழந்தையின் சொற்களைப் பயிற்சியாளருக்குக் கற்பியுங்கள். 'போதும்', 'பயம்', 'மூச்சா' ஆகிய மூன்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போதும் என்று சொன்னது கேட்கப்பட்டது என்னும் நம்பிக்கை வந்தபிறகே குழந்தை மறுமுறை நீரை விரும்பும். வீட்டுச் சொம்பையே பையில் போட்டுக்கொண்டாலும் தவறில்லை. பழகிய ஒரு பொருள் கையில் இருந்தால் பழகாத இடம் பாதி பழகிவிடும்.

பையில் வைக்க இயலாதது

இனி, முன்பு சொன்ன மீதிச் சுமைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். இக்கொடுமையை முன்னிட்டே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021இல் தீர்மானம் நிறைவேற்றி, ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

மூழ்கும் குழந்தை கையை ஆட்டிக் கூவும் என்பது திரைப்படம் கற்பித்த கருத்து. மெய்யாக நிகழ்வது ஓசையற்றது. மூச்சுக்கே வழியில்லாத வாய் கூவுவது எங்ஙனம்? கைபேசியில் ஒரு செய்தியைப் படித்து முடிக்கும் நேரத்தில் எல்லாம் நடந்துவிடும். ஆகவே குளத்திலும் கரையிலும் குழந்தை ஒரு கை நீட்டும் தொலைவுக்குள் இருக்க வேண்டும். கைபேசி பைக்குள் இருக்க வேண்டும். அன்று கிணற்றடியில் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் வேறெதையும் பிடித்திருக்கவில்லை.

இந்த விழிப்பு குளத்தோடு முடிவதன்று. மும்பையில் குழாய் நீர் சில மணி நேரமே வருவதால், மோரியிலும் குளியலறையிலும் வாளியும் டிரம்மும் நிரப்பி வைக்கும் வீடுகள் நம்முடையவை. நடை பயிலும் குழந்தைக்குத் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானே நிமிர இயலாது. சில அங்குல நீரே உயிரைக் குடிக்கப் போதும். டிரம்முக்கு இறுகிய மூடி, குளியலறைக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள், பயன்படாத வாளி கவிழ்ந்த நிலை ஆகிய மூன்றும், நீச்சல் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே செய்யத் தக்கவை.

கோடை விடுமுறையில்

ஏப்ரல், மே மாதங்களில் நம் குடும்பங்கள் நெல்லைக்கும் தஞ்சைக்கும் சேலத்துக்கும் ரயிலேறுகின்றன. நகரத்துக் குழந்தை ஊருக்குப் போகிறது. அங்கே கைப்பிடிச் சுவரில்லாத கிணறு உண்டு, படித்துறை உண்டு, ஆண்டு முழுதும் நீரோடும் தாமிரபரணி உண்டு. ஓட்டமும் சுழலும் பாசியும் நகரத்துக் குளத்தில் இல்லாதவை. மும்பையில் மூன்று மாதம் பயின்ற குழந்தைக்கு நீர்பயம் நீங்கியிருக்கும்; நீந்தும் ஆற்றல் வந்திராது. அச்சம் நீங்கி ஆற்றல் வராத அந்த இடைநிலையே மிகவும் கவனிக்கத் தக்கது. "நீச்சல் வகுப்புக்குப் போகிறானே, பயமில்லை" என்று தாத்தாவிடமும் அத்தையிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டால், அவர்களுடைய காவல் தளர்ந்துவிடும்.

உறவினர் பதினைந்து பேர் கூடிய வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால், பெரும்பாலும் எவரும் பார்க்கவில்லை என்றே பொருள். ஆகவே பெயர் சொல்லிப் பொறுப்பை ஒப்படையுங்கள். "மாமா, பத்து மணிவரை இவன் உங்கள் பொறுப்பு, பிறகு நான் வருகிறேன்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

வீட்டில் ஒருவரேனும், பெற்றோர் இருவருமாயின் இன்னும் நன்று, மூச்சூட்டும் முதலுதவியை முறையாகக் கற்றிருக்க வேண்டும். மூழ்கி எடுக்கப்பட்ட குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் பயனற்றவை. உயிர் காக்கும் நேரத்தை வீணாக்குபவை. மூச்சில்லையெனில் உடனே மூச்சூட்டி மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, அருகிலிருப்பவரை 108க்கு அழைக்கச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலும் மகாராட்டிரத்திலும் ஆம்புலன்சுக்கு அதே எண்தான்.

ஊருக்குப் புறப்படும் பெட்டியில் நீச்சலுடைக்கும் ஈரிழைத் துண்டுக்கும் இடம் இருக்கட்டும். தாத்தாவின் ஆற்றைப் பேரன் அறியாமல் வளர்வது நமக்கு இழப்பே. படித்துறையில் அவனை இறக்குகிறவர், அவன் மேலேறும்வரை அவனையன்றி வேறெதையும் பார்க்காதவராக இருந்தால் போதும்.